புழுங்கல் அரிசியும் ஓர் ஆய்வுக்கூடமும்: டாக்டர் வில்லியம் ஃபிளெட்சரின் பணி வரலாறு



எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறீர்கள் என்று நம் மாணவர்களைக் கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் “மருத்துவர்” என்பர். அவர்கள் மனக்கண்ணில் தோன்றும் மருத்துவர், நோயாளியின் படுக்கையருகே நிற்பவர். நோயாளியின் முகத்தையே பெரும்பாலும் காணாமல், அவருடைய ஒரு துளிக் குருதியை மட்டும் கண்டு நோயைச் சொல்லும் மருத்துவரும் உண்டு என்பதை நாம் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்திற்குத் தலைமை தாங்குபவர் அத்தகையவர். அவர் பெயர் நோயாளிக்குத் தெரியாது. ஆயினும் நோயாளிக்கு எந்த மருந்து கொடுக்க வேண்டும் என்பது அவருடைய அறிக்கையைப் பொறுத்தே அமைகிறது.

அத்தகைய ஒருவரின் வரலாற்றையே இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன். அவர் தமிழர் அல்லர். டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் ஆங்கிலேயர். எனினும் அவர் பணியாற்றிய இடம் நம் கோலாலம்பூர். அவர் ஆராய்ந்த நோய்கள் நம் பாட்டன் பூட்டன்மார் வாழ்ந்த தோட்டப்புறங்களிலும், அவர்கள் நடந்த லாலான் புதர்களிலும் இருந்தவை. அவருடைய முதற்பெரும் ஆய்விலோ, நம் வீட்டு அடுப்பில் வெந்த புழுங்கல் அரிசியே நடுநாயகமாக விளங்கியது. ஆகவே, இது நம் வரலாறும் ஆகும்.

ஆய்வுக்கூடம் பிறந்த கதை

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய மலாய் மாநிலங்களை அச்சுறுத்திய நோய்களுள் முதன்மையானவை மலேரியாவும் பெரிபெரியும் ஆகும். பெரிபெரி கண்டவருக்குக் கால்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் முழுதும் நீர் கோத்து வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் இந்நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். சிறைச்சாலைகள், மனநோயாளிகள் காப்பகம் போன்று பலர் ஒருங்கே அடைபட்டிருந்த இடங்களிலும் இந்நோய் தலைவிரித்தாடியது.

இந்நிலையில், அப்போது ஐக்கிய மலாய் மாநிலங்களின் தலைமை ஆளுநராக விளங்கிய ஃபிராங்க் சுவெட்டன்ஹாமின் முயற்சியால் 1900-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஒரு நோயியல் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. அதுவே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர்பெற்றது. மலாய், ஆங்கில வழக்கில் ‘ஐ.எம்.ஆர்.’ என்று நாம் கேள்விப்பட்டிருப்பது இக்கழகத்தையே.

அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் என்னும் அமெரிக்கர். அக்காலம் நுண்ணுயிரியலின் பொற்காலம். காசநோய்க்கு ஒரு கிருமி, வாந்திபேதிக்கு ஒரு கிருமி, கொள்ளை நோய்க்கு ஒரு கிருமி என்று ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்ட வேளை அது. ஆகவே பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருந்தே தீரவேண்டும் என்று ரைட் நம்பினார். அக்கிருமி உணவுப்பாதையில் தங்கி நச்சை உண்டாக்குகிறது என்று எழுதினார். அவர் அறிவிலோ உழைப்பிலோ குறையுடையவர் அல்லர். ஆனால் தேடப்பட்ட பொருள் அங்கே இல்லை. பெரிபெரி கிருமியால் வரும் நோயே அன்று!

கிருமியைத் தேடுவதற்காக அமைக்கப்பட்ட ஓர் ஆய்வுக்கூடம், ‘இந்நோய்க்குக் கிருமி காரணமில்லை’ என்ற உண்மையை நிறுவியதால் முதற்புகழ் பெற்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தமிழருக்கு ஏன் வரவில்லை?

அக்காலத்தில் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் பிராடன் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். ஒரே ஊரில், ஒரே மழை வெயிலில், ஏறத்தாழ ஒரே வறுமையில் வாழ்ந்த மக்களுள் சீனருக்குப் பெரிபெரி மிகுதியாக வந்தது. தமிழருக்கு அரிதாகவே வந்தது. கம்பங்களில் தாமே விளைவித்து வீட்டிலேயே குத்திய அரிசியை உண்ட மலாய்க்காரர்களிடமும் அது குறைவாகவே இருந்தது.

காரணம் என்ன? சீனத் தொழிலாளர்கள் உண்டது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டப்பட்ட அரிசி. தமிழர்கள் உண்டதோ புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, அதன் பின்னர் உமி நீக்குவது நம் முன்னோரின் வழக்கம். இதைத் தவிர அவ்விரு கூட்டத்தாருக்கும் இடையில் நோயை விளக்கக்கூடிய வேறுபாடு பிராடனுக்குத் தென்படவில்லை. 1907-இல் அவர் இதனை ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார்.

பிராடன் கண்ட உண்மை சரி; அவர் கூறிய காரணம் தவறு. தீட்டிய அரிசி நாட்படக் கிடக்கும்போது அதில் பூஞ்சை பற்றி ஒரு நச்சு உண்டாகிறது என்று அவர் கருதினார். ‘அரிசியில் ஏதோ கூடிவிட்டது’ என்றே அனைவரும் எண்ணினர். ‘அரிசியிலிருந்து ஏதோ நீங்கிவிட்டது’ என்று எண்ணுதல் அக்காலத்தில் எளிதன்று.

காப்பகத்தில் நடந்த சோதனை

இங்கேதான் ஃபிளெட்சர் வருகிறார். அப்போது அவர் ஆய்வுக்கூட இயக்குநர் அல்லர். கோலாலம்பூரில் அரசு மருத்துவர். மனநோயாளிகள் காப்பகத்தில் 1905-ஆம் ஆண்டில் பெரிபெரி கடுமையாகப் பரவியது. பிராடனின் கருத்து மெய்யா பொய்யா என்று அறிய ஃபிளெட்சர் ஒரு சோதனையை வகுத்தார். 1905 டிசம்பரில் தொடங்கி ஓராண்டுக் காலம் அது நடைபெற்றது.

சோதனையின் அமைப்பு மிக எளியது. நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணிட்டார். ஒற்றைப்படை எண்ணுடையோர் ஒரு கூடத்திற்கும், இரட்டைப்படை எண்ணுடையோர் மற்றொரு கூடத்திற்கும் அனுப்பப்பட்டனர். ஒரு கூடத்தாருக்குத் தீட்டிய வெள்ளை அரிசி. மற்றக் கூடத்தாருக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. ஏனைய உணவில் வேறுபாடில்லை. ‘கூடத்தின் சுவரிலோ தரையிலோ நோய் ஒட்டியிருக்கலாமே’ என்ற ஐயத்தைப் போக்க, இடையில் இரு பிரிவினரையும் கூடம் மாற்றி அமர்த்தினார்.

விளைவு கல்லின்மேல் எழுத்துப்போல் தெளிவாக இருந்தது. வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் பெரிபெரியால் பாதிக்கப்பட்டனர். 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் காணப்பட்டவர் இருவரே; அவ்விருவரும் காப்பகத்திற்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். அப்பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. இம்முடிவுகள் 1907-இல் ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தன.

ஃபிளெட்சரின் முடிவுரை ஒரு நல்ல ஆய்வாளரின் அடக்கத்தைக் காட்டுகிறது. தீட்டிய அரிசி நேராகவோ மறைமுகமாகவோ இந்நோய்க்குக் காரணம் என்று உறுதியாகச் சொன்னார். ஆனால் எவ்வாறு என்பதற்கு மூன்று வாய்ப்புகளை முன்வைத்தார். அரிசியில் நச்சு இருக்கலாம். அதில் சத்துக் குறைவு இருக்கலாம். அல்லது சத்தில்லாத உணவால் தளர்ந்த உடலில் ஏதோ ஒரு கிருமி புகலாம். தம் சோதனை எதை மெய்ப்பித்ததோ அதனுடன் நின்றுகொண்டார்.

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இச்சோதனையை மாணவர்களுக்கு விளக்கும்போது அந்தப் பதினெண்மரை மறந்துவிடலாகாது. அவர்கள் மனநலம் குன்றியோர். இச்சோதனைக்கு இசைகிறோம் என்றோ இசையோம் என்றோ சொல்லும் நிலையில் இல்லாதவர்கள். இன்றைய மருத்துவ அறத்தின்படி இத்தகைய சோதனைக்கு எந்த நெறிக்குழுவும் இசைவு தராது. தீட்டிய அரிசிதான் அக்காப்பகத்தின் வழக்கமான உணவு என்றும், சோதனை நடவாதிருப்பினும் அவர்கள் அதையே உண்டிருப்பர் என்றும் வாதிடலாம். ஆனால் ஒரு கூடத்தில் நோய் பெருகுவதும் மறுகூடத்தில் அது இல்லாதிருப்பதும் கண்ணுக்குத் தெரிந்த பின்னரும் ஆண்டு முடியும்வரை காத்திருந்தது சரியா என்னும் வினா நிற்கவே செய்கிறது. அறிவியலின் வெற்றியைச் சொல்லும் நாம் அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் சொல்ல வேண்டும். இல்லையேல் நாம் கற்பிப்பது பாதி அறிவியலே.

தவிட்டில் இருந்த விடை

இதன் பின்னர் கழகத்தின் இயக்குநர் ஹென்றி ஃபிரேசரும், கனடா நாட்டிலிருந்து வந்த தாமஸ் ஸ்டாண்டனும் இவ்வாய்வை மேற்கொண்டு நடத்தினர். நெகிரி செம்பிலானின் ஜெலெபு காட்டுப்பகுதியில் சாலை அமைக்கச் சென்ற சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வெள்ளை அரிசியும், மறு பிரிவினர் புழுங்கல் அரிசியும் உண்டனர். ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளை அரிசிப் பிரிவில் நோய் தலைகாட்டியது. மற்றப் பிரிவில் அது தோன்றவில்லை.

அடுத்து அவர்கள் ஆய்வுக்கூடத்தில் கோழிகளைக்கொண்டு ஆராய்ந்தனர். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நடக்கமாட்டாமல் விழுந்தன. அரிசியைத் தீட்டும்போது உதிரும் தவிட்டைக் கொடுத்தால் அவை நலமாயின. அரிசியில் நச்சு ஏதும் சேரவில்லை. உயிர்காக்கும் ஒரு பொருள் தவிட்டோடு போய்விடுகிறது என்பது புலனாயிற்று. ஜாவாவின் பத்தாவியா நகரில் எய்க்மனும் அவருக்குப் பின் வந்தவர்களும் கோழிகளைக்கொண்டு நடத்திய ஆய்வுகளோடு இது பொருந்தியது. 1910-இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய அரிசியைத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்தப் பொருளே பின்னர் வைட்டமின் பி1 என்றும் தயமின் என்றும் பெயர்பெற்றது. 1926-இல் அது தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது மேலடுக்கில் உள்ள இச்சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே ஊடுருவுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அதில் கணிசமான பகுதி தங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்க்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. ஆயினும் அவர்களின் அடுக்களை வழக்கம் ஓர் ஆய்வுக்கூடத்திற்கே வழிகாட்டியது. இதைக்கொண்டு ‘எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே’ என்று மார்தட்ட வேண்டியதில்லை. வழக்கம் உயிரைக் காத்தது. ஏன் காத்தது என்பதை ஆய்வுதான் சொன்னது. இரண்டும் வேண்டும்.

பெயரற்ற நோய்க்குப் பெயர் சூட்டியவர்

ஃபிளெட்சர் பின்னர் கழகத்தின் நோயியலாளரானார். 1911-இல் இரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும், அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற துணை மருத்துவரும் ஒரு புதிய நோயைக் கண்டனர். சவக்கிடங்கிற்கு வந்த ஏழைகளின் உடல்களில், நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் இருந்தன. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்னும் நோயின் கிருமியை ஒத்த, ஆனால் அதனின் வேறான ஒரு கிருமி அவற்றில் இருந்தது. மருத்துவ வரலாற்றில் கிருஷ்ணசாமி என்னும் தென்னிந்தியப் பெயர் விட்மோரின் பெயரோடு இணைந்தே நிற்கிறது என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும்.

1913-இல் கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட கினிப்பன்றிகளும் முயல்களும் திடீரென மடியலாயின. சோதனை விலங்குகள் செத்தால், கூண்டைக் கழுவிவிட்டு வேறு விலங்குகளை வாங்குவது எளிய வழி. ஆனால் இங்கே அவற்றின் உடலை அறுத்து, சீழை வளர்ப்பூடகத்தில் இட்டு ஆராய்ந்தனர். கிடைத்த கிருமி இரங்கூனில் கண்ட கிருமியே என்பது காலப்போக்கில் உறுதியாயிற்று. பின்னர் மலாயாவின் மனிதர்களிடமும் அது காணப்பட்டது. ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் 1921-இல் பத்தாவியா மாநாட்டில் இந்நோய்க்கு ‘மெலியோய்டோசிஸ்’ என்று பெயர் சூட்டினர். இன்றும் உலகெங்கும் அப்பெயரே வழங்குகிறது. 1932-இல் இருவரும் இதைப்பற்றி வெளியிட்ட நூல் நெடுங்காலம் இத்துறைக்கு அடிப்படையாக விளங்கியது.

எலிகள்தாம் இந்நோயைப் பரப்புகின்றன என்று அவர்கள் கருதினர். அது சரியன்று. இக்கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது என்பதை 1955-இல் வியட்நாமில் ஷாம்போன் என்பவர் நிறுவினார். பின்னர் மலேசிய மண்ணிலும், குறிப்பாக நெல்வயல்களில், அது இருப்பது உறுதிசெய்யப்பட்டது. முதல்வர்கள் பெயரிட்டனர், பின்வந்தோர் வாழிடம் கண்டனர். அறிவியல் இவ்வாறே வளர்கிறது.

நகரக் காய்ச்சலும் காட்டுக் காய்ச்சலும்

1920-களில் ஃபிளெட்சர் எடுத்துக்கொண்ட சிக்கல் டைபஸ் காய்ச்சல். மலாயாவில் இக்காய்ச்சல் இருவகை மக்களிடம் காணப்பட்டது. ஒரு சாரார் நகரங்களில் கடைகளிலும் கிடங்குகளிலும் வாழ்ந்தோர். மற்றொரு சாரார் தோட்டங்களில், குறிப்பாகப் புதிதாகத் திறக்கப்பட்ட செம்பனைத் தோட்டங்களில், லாலான் புல்லிடையே உழைத்தோர். தோட்டப்புற உழைப்பாளர் என்றால் அவர்களுள் நம்மவர் எத்துணைப் பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டைபஸ் நோயைக் கண்டறிய 1916-இல் வெயில், ஃபெலிக்ஸ் என்னும் இருவர் வகுத்த ஒரு சோதனை இருந்தது. ‘புரோட்டியஸ்’ என்னும் வேறொரு கிருமியை நோயாளியின் சீரத்தோடு கலந்தால், நோயிருப்பின் அக்கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பால் திரிவதுபோல் குழாயில் அது கண்ணுக்குத் தெரியும். புரோட்டியஸ் டைபஸுக்குக் காரணமன்று. ஏதோ ஓர் ஒற்றுமையால் அந்தச் சீரம் அதனையும் பற்றுகிறது.

ஃபிளெட்சரும் அவருடன் பணியாற்றிய லெஸ்லரும் இச்சோதனையைச் செய்தபோது ஒரு புதிர் எழுந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒரே வகை என்று எண்ணப்பட்ட இரு புரோட்டியஸ் வளர்ப்புகள் இருந்தன. ஒன்று வார்சா நகரிலிருந்து பெறப்பட்ட வகை. மற்றொன்று, பின்னாளில் இக்கழகத்தின் இயக்குநராக விளங்கிய கிங்ஸ்பரி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. நகர நோயாளிகளின் சீரம் முதலாவதை மட்டும் திரளச் செய்தது. தோட்டத்து நோயாளிகளின் சீரமோ இரண்டாவதை மட்டும் திரளச் செய்தது!

‘கிங்ஸ்பரியின் வளர்ப்பு கெட்டுவிட்டது’ என்று சொல்லி அதைக் கொட்டியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. முரண்பாடான விடை வந்தால் கருவியைக் குறைகூறும் முன் கேள்வியை மறுபடி பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். நகரக் காய்ச்சலும் காட்டுக் காய்ச்சலும் இருவேறு நோய்கள் என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. முன்னது எலித் தெள்ளுப்பூச்சியால் வருவது. பின்னது புதரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் கடியால் வருவது. கிங்ஸ்பரியின் பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய ‘ஓ.எக்ஸ்.கே.’ என்ற அந்த வளர்ப்பு, பல பத்தாண்டுகள் உலக மருத்துவமனைகளில் புதர்க் காய்ச்சலைக் கண்டறியப் பயன்பட்டது. கோலாலம்பூரின் ஒரு சோதனைக் குழாயிலிருந்து அது உலகெங்கும் சென்றது.

எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயை இந்நாட்டில் முதன்முதல் கண்டறிந்து எழுதியவரும் ஃபிளெட்சரே. வயிற்றுக்கடுப்பைப் பற்றி மார்கரெட் ஜெப்ஸ் என்ற பெண் ஆய்வாளருடன் சேர்ந்து எழுதினார். ஸ்டாண்டன் 1926-இல் இலண்டனில் குடியேற்ற நாட்டு அமைச்சின் தலைமை மருத்துவ ஆலோசகராகச் சென்றபோது, கழகத்தின் இயக்குநர் பொறுப்பு ஃபிளெட்சரிடம் வந்தது. அப்பதவியில் அவர் இருந்தது சிறிது காலமே. ஆனால் அதற்கு முன்னைய இருபதாண்டுகளில் அவர் இட்ட அடித்தளத்தின்மேல் பின்வந்தோர் கட்டினர்.

பின்வந்தோர் கண்ட பயன்

1930-களில் ரேமண்ட் லூத்வெயிட் என்பவரும் எஸ். ஆர். சவூர் என்ற இந்திய மருத்துவரும், மலாயாவின் தோட்டப்புறக் காய்ச்சலும் ஜப்பானில் நெடுங்காலமாக அறியப்பட்ட சுட்சுகாமுஷிக் காய்ச்சலும் ஒன்றே என்பதை நிறுவினர். ஆனால் நோய்க்கு மருந்து இல்லை. நாலில் ஒருவர், ஐந்தில் ஒருவர் என்று சாவது அக்காலத்தில் புதுமையன்று.

போர் முடிந்து லூத்வெயிட் இயக்குநராக இருந்தபோது, 1948 மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து ஜோசப் ஸ்மேடல் தலைமையில் ஒரு குழு கோலாலம்பூருக்கு வந்தது. வெனிசுவேலா நாட்டு மண்ணில் கண்ட நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட ‘குளோரம்பெனிகால்’ என்ற புதிய மருந்தை அவர்கள் கொண்டுவந்தனர். புதர்க் காய்ச்சல் நோயாளிகள் அம்மருந்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் தணிந்து எழுந்தனர்.

அப்போது ஒரு வியப்பு நிகழ்ந்தது. புதர்க் காய்ச்சல் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட ஒருவரின் குருதியை ஆய்வுக்கூடம் வளர்ப்பில் இட்டபோது வெளிப்பட்டது டைபாய்டுக் கிருமி! நோயாளியோ நலமடைந்து வந்தார். அதுவரை டைபாய்டுக்கு முறையான மருந்து உலகிலேயே இருந்ததில்லை. உடனே டைபாய்டு நோயாளிகளிடமும் அம்மருந்தை முறையாகச் சோதித்தனர். டைபாய்டைக் குணப்படுத்தும் முதல் மருந்து இவ்வாறு நம் கோலாலம்பூரில் மெய்ப்பிக்கப்பட்டது. நோயாளி பிழைத்தார் என்பதோடு நின்றிருந்தால் இது தெரிந்திராது. ‘அவருக்கு வந்த நோய் எது?’ என்று உறுதிசெய்ய ஓர் ஆய்வுக்கூடம் இருந்ததால்தான் தெரிந்தது.

இன்றைய பொருத்தம்

இவையெல்லாம் பழங்கதை அல்ல. 2010-இல் பகாங் மாநிலத்தின் லூபோக் யூ நீர்வீழ்ச்சிப் பகுதியில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணியில் ஈடுபட்டோர் சிலருக்கு மெலியோய்டோசிஸும் லெப்டோஸ்பைரோசிஸும் வந்தன. உயிரிழப்பும் நேர்ந்தது. நீரிழிவு நோயுடையோர்க்கு மெலியோய்டோசிஸ் வரும் வாய்ப்பு பன்மடங்கு அதிகம். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவியுள்ளது என்பதைப் பெற்றோர்கள் அறிவீர்கள். நீரிழிவு உடையவர்கள் மழைக்காலத்தில் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வெறுங்காலுடன் வேலை செய்யலாகாது; காலில் புண் இருப்பின் மூடிக்கொள்ள வேண்டும். விடாத காய்ச்சலுடன் மருத்துவமனைக்குச் சென்றால் நீரிழிவு இருப்பதையும் மண்ணிலோ நீரிலோ வேலை செய்ததையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். ஆய்வுக்கூடத்தில் எதைத் தேடுவது என்பதை அச்செய்தியே தீர்மானிக்கும். ஏனெனில், இக்கிருமியை வளர்ப்பூடகத்தில் கண்டாலும், தற்செயலாக விழுந்த மாசு என்று தவறாக ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. அதை அடையாளங்காணும் பயிற்சி பெற்ற கண் தேவை.

அந்தக் கண்ணைப் பெறுவதே நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத் தலைவரின் வாழ்நாட் கல்வி. மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் மருத்துவ நுண்ணுயிரியலில் சிறப்புப் பட்டம் பெற்று அப்பணிக்கு வருவோர் உண்டு. அறிவியல் பட்டம் பெற்று ஆய்வலுவலராகவும், தொழில்நுட்பக் கல்வி பெற்று மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பராகவும் அங்கே பணியாற்றுவோரும் உண்டு. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும், எந்த மருந்தை அது வென்றுவிட்டது என்று அன்றாடம் மருத்துவர்களுக்கு அறிவிப்பவர்கள் இவர்களே. மருந்துகளை எதிர்க்கும் கிருமிகள் பெருகிவரும் இந்நாளில் இப்பணியின் தேவை கூடிக்கொண்டேதான் இருக்கிறது. ‘டாக்டருக்குப் படித்துவிட்டு யாரையும் பார்க்காமல் ஒரு அறையில் உட்கார்ந்திருப்பதா?’ என்று கேட்கும் பெற்றோரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு இக்கட்டுரையே என் விடை.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. ஃபிளெட்சரின் சோதனையை ஐந்தாம் ஆறாம் ஆண்டு அறிவியல் வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்தலாம். மாற்றியது எது, மாறாமல் வைத்தது எது, அளந்தது எது என்று மாணவர்களையே கூறச் சொல்லுங்கள். கூடங்களை ஏன் மாற்றினார் என்று கேளுங்கள். அவ்வாறு செய்வது முறையா என்றும் கேளுங்கள். ஒரு பிடி பச்சரிசியையும் ஒரு பிடி புழுங்கல் அரிசியையும் மேசைமேல் வைத்துக் கேட்டால், அந்தப் பாடம் அவர்கள் நெஞ்சில் நிலைக்கும்.

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியைக் கண்டு, பிழையின்றிச் செய்ய வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தில் வகுத்த வரிசையை நாம் மாணவர்களுக்கு மனனம் செய்விக்கிறோம். அவ்வரிசையில் நடுவே உள்ள படி, காரணத்தை ஆராய்தல். அதுவே கடினமானது, அதற்கே காலம் பிடிக்கும், அதைச் செய்பவரை யாரும் காண்பதில்லை. பெரிபெரியில் அப்படியைக் கடக்கக் கோலாலம்பூருக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. நம் பிள்ளைகளுள் சிலரேனும் அப்படியில் நின்று பணியாற்ற முன்வருவார்களாயின் நாடும் இனமும் நலம்பெறும்.

தங்கள் கருத்துகளை அன்புடன் எதிர்பார்க்கிறேன்.